சிறுநீரக மாற்று, உடம்பின் ஞாபகம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சிறுநீரக மாற்றுக்கு முன்னால் நடக்கும் பொருத்தப் பரிசோதனைகளைச் செய்கிற ஆய்வகத்தில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். கிட்னி கொடுக்கப் போகிறவர்களும் பெறப் போகிறவர்களும் ரத்தம் கொடுக்க உட்காரும்போதும் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கும்போதும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. மருந்தைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் உங்கள் சிறுநீரக மருத்துவர் சொல்லித்தான் நடக்க வேண்டும்.

ரத்த குரூப் ஒத்துப்போயிடுச்சு. அப்புறமும் எதுக்கு இத்தனை டெஸ்ட்?

ரத்த வகை முதல் வாசல்தான். அதைத் தாண்டினால் எச்.எல்.ஏ. என்று ஒன்று இருக்கிறது. சிவப்பணுக்களை விட்டுவிட்டால் உடம்பின் ஏறக்குறைய எல்லாச் செல்களின் மேலும் இந்தப் புரதங்கள் இருக்கின்றன, "இது என் செல்" என்று நம் எதிர்ப்பு சக்தி அடையாளம் காண்பது இவற்றை வைத்துத்தான். இவற்றுக்கான ஜீன்கள் ஆறாவது குரோமோசோமில் உள்ளன. அப்பாவிடமிருந்து ஒரு தொகுப்பு, அம்மாவிடமிருந்து ஒரு தொகுப்பு வருவதால் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் பாதியாவது பொருந்திவிடும். உடன்பிறந்தவர்களுக்குள் முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு, பாதி பொருந்த நான்கில் இரண்டு, ஒன்றுமே பொருந்தாமல் போகவும் நான்கில் ஒன்று.

பொருந்தாவிட்டால் மாற்றே செய்ய முடியாதா என்று பயப்பட வேண்டாம். எதிர்ப்பு சக்தியை அடக்கும் இன்றைய மருந்துகளோடு சொந்தமே இல்லாதவரின் கிட்னியும் நன்றாக வேலை செய்கிறது. நாங்கள் அதைவிடக் கவலையோடு தேடுவது, கொடுப்பவரின் எச்.எல்.ஏ.வை உங்கள் உடம்பு ஏற்கெனவே எங்காவது பார்த்து ஞாபகம் வைத்திருக்கிறதா என்பதைத்தான். கீழே வருவதில் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

உடம்புக்கு ஞாபகம் இருக்குன்னு சொல்றீங்களே, மூளை இல்லாம அது எப்படி?

அந்நியமான ஒன்று முதல்முறை உள்ளே வரும்போது அதை அடையாளம் காணத் தெரிந்த வெள்ளையணுக்கள் மிகக் கொஞ்சமாகத்தான் இருக்கும். அவை பெருகி, அந்நியப் பொருளில் போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தயாரித்து முடிக்க ஒன்றிரண்டு வாரம் ஆகிவிடும். வேலை முடிந்ததும் பெரும்பாலானவை செத்துப்போகும், ஆனால் ஒரு பகுதி தங்கிவிடும். அப்படித் தங்குவதில் மூன்று வகை உண்டு: நினைவு பி செல்கள் (மறுபடி ஆன்டிபாடிக்கு வழிசெய்பவை), நினைவு டி செல்கள் (தாங்களே நேராகத் தாக்கக்கூடியவை), எலும்பு மஜ்ஜைக்குள் உட்கார்ந்துகொண்டு வருடக்கணக்காக ஆன்டிபாடியைச் சுரந்துகொண்டே இருக்கும் பிளாஸ்மா செல்கள். அதே அந்நியப் பொருள் மறுபடி வந்தால் சில நாட்களிலேயே பெரும் படையாகக் கிளம்பிவிடுவார்கள். தடுப்பூசி வேலை செய்வதே இதனால்தான்.

இந்த ஞாபகம் எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு ஒரு பழைய சான்று உண்டு. ஃபாரோ தீவுகளில் 1781-ல் தட்டம்மை வந்தது, பிறகு 1846 வரை வரவே இல்லை. மறுபடி பரவியபோது அங்கே போன பானும் என்ற டேனிஷ் மருத்துவர், 65 வருடத்துக்கு முன் சிறுவயதில் அம்மை கண்ட முதியவர்களுக்கு மட்டும் அது திரும்ப வரவில்லை என்று எழுதி வைத்தார். 1918 இன்ஃபுளூயன்சாவிலிருந்து பிழைத்தவர்களிடம் ஏறக்குறைய 90 வருடத்துக்குப் பிறகும் அந்த வைரஸை அடையாளம் காணும் பி செல்கள் இருந்ததை 2008-ல் வெளியான ஆய்வு காட்டியது. தொற்றிலிருந்து காப்பாற்றும் அதே குணம்தான் கிட்னி விஷயத்தில் நமக்கு எதிராகத் திரும்புகிறது.

எனக்கு இதுதான் முதல் ஆபரேஷன். வேற யாரோட கிட்னியையும் என் உடம்பு பார்த்ததே இல்லையே, அப்புறம் என்ன ஞாபகம்?

கிட்னியைப் பார்த்திருக்க வேண்டியதில்லை, வேறொருவரின் எச்.எல்.ஏ.வைப் பார்த்திருந்தால் போதும். அது மூன்று வழிகளில் நடக்கும். முதலாவது கர்ப்பம்: குழந்தையின் பாதி எச்.எல்.ஏ. தகப்பனுடையது, தாயின் உடம்புக்கு அது அந்நியம். இரண்டாவது ரத்தம் ஏற்றுவது: ஏற்றும் ரத்தத்தில் கலந்திருக்கும் வெள்ளையணுக்களிலும் தட்டணுக்களிலும் எச்.எல்.ஏ. உண்டு. மூன்றாவது முந்தைய உறுப்பு மாற்று, மூன்றிலும் அழுத்தமான ஞாபகத்தைப் பதிப்பது பொதுவாக இதுதான்.

அதனால்தான் ரத்தம் எடுப்பதற்கு முன்னால் அத்தனை கேள்வி கேட்கிறோம். தயவுசெய்து எதையும் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள்.

கலைஞ்சு போன கர்ப்பத்தையும் சொல்லணுமா? அது நடந்து இருபது வருஷம் ஆச்சே.

கட்டாயம் சொல்ல வேண்டும். பிரசவம் வரை போகாத கர்ப்பமும் உடம்பில் ஞாபகத்தைப் பதிக்கக்கூடும், வருடங்கள் ஓடிவிட்டதால் அது அழிந்திருக்கும் என்று நம்ப முடியாது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு பெண் எங்களிடம் வந்தபோது படிவத்தில் இரண்டு பிரசவம் என்று மட்டும் எழுதினார். சுற்றி வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள், நானும் அவர்கள் முன்னாலேயே கேட்டுவிட்டுக் கடந்துபோனேன். கிட்னி கொடுப்பவருக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்த்த பரிசோதனை நெகட்டிவ். மாற்று நடந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, சிறுநீர் குறைந்து, கிட்னி வெளியேற்ற வேண்டிய கிரியேட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் ஏற ஆரம்பித்தது. மறுபடி வந்த ரத்தத்தில் கிட்னி கொடுத்தவருக்கு எதிரான ஆன்டிபாடி நன்றாகவே தெரிந்தது. அதற்குப் பிறகுதான் கலைந்துபோன இரண்டு கர்ப்பங்களையும், அதில் ஒருமுறை ரத்தம் ஏற்றியதையும் தயங்கித் தயங்கிச் சொன்னார். நல்லவேளையாகச் சிகிச்சையில் கிட்னி தப்பியது. அன்றிலிருந்து இந்தக் கேள்வியைப் பெண்களிடம் தனியாகத்தான் கேட்கிறேன். வீட்டார் முன்னால் சொல்ல முடியாது என்றால் "தனியாகப் பேச வேண்டும்" என்று மட்டும் சொல்லுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அப்படின்னா டயாலிசிஸ்ல இருக்கும்போது ரத்தம் ஏத்தவே கூடாதா?

உயிருக்கு ஆபத்தான நேரத்தில் ரத்தம் வேண்டாம் என்று சொல்லவே சொல்லாதீர்கள். ஹீமோகுளோபின் மெதுவாகக் குறையும் சாதாரண நிலையில் எரித்ரோபொய்டின் ஊசியும் இரும்புச்சத்தும் கொடுத்தே பல நேரம் சமாளித்துவிடலாம். ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால் வெள்ளையணு நீக்கிய ரத்தம் கிடைக்குமா என்று கேளுங்கள். அதிலும் ஆபத்து முழுதாகப் போவதில்லை, குறையும். மாற்றுக்குக் காத்திருக்கிறீர்கள் என்பதை ஏற்றுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், ஏற்றிய தேதியைக் குறித்து வைத்து எங்களுக்கும் தெரியப்படுத்துங்கள். அதன் பிறகு புதிதாக ஒரு ரத்த மாதிரி எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

என் மனைவிக்கு நான்தான் கொடுக்கப் போறேன். ரெண்டு குழந்தை இருக்கறதால ஏதாவது சிக்கல் வருமா?

வரலாம். உங்கள் எச்.எல்.ஏ.வில் பாதியை அவர் உடம்பு ஒவ்வொரு கர்ப்பத்திலும் பார்த்திருக்கிறது. அம்மாவுக்குப் பிள்ளை கொடுக்கும்போதும் இதே நிலைதான், வயிற்றில் சுமந்த அதே எச்.எல்.ஏ. கிட்னியாகத் திரும்ப வருகிறது. மனைவி கணவனுக்குக் கொடுக்கும்போது இந்தப் பிரச்சினை இல்லை.

இதைக் கேட்டுப் பின்வாங்க வேண்டாம். பிள்ளை பெற்ற எல்லாப் பெண்களுக்கும் ஆன்டிபாடி வந்துவிடுவதில்லை. கணவன் கொடுத்த கிட்னியோடு நீண்ட காலம் நன்றாக இருக்கும் பெண்கள் ஏராளம். இப்படிப்பட்ட ஜோடிகளில் நாங்கள் இன்னும் கூர்ந்து பார்ப்போம், அவ்வளவுதான்.

கிராஸ்மேட்ச் கிராஸ்மேட்ச்னு சொல்றீங்க, உள்ளே என்னதான் செய்றீங்க?

பழைய முறையைச் சொன்னால் எளிதாகப் புரியும். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதில் கடுகு அளவுக்குச் சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் கொடுப்பவரின் வெள்ளையணுக்களில் ஒரு துளி, பெறுபவரின் சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் தெளியும் நீர், ஆன்டிபாடி இதில்தான் இருக்கும்) ஒரு துளி, காய்ந்துவிடாமல் இருக்க மேலே கொஞ்சம் எண்ணெய். அப்புறம், ஆன்டிபாடி ஒட்டிய செல்லைக் கொல்லும் காம்ப்ளிமென்ட் என்ற புரதம் சேர்த்து, சாயம் விட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். உயிரோடு இருக்கும் செல்கள் பச்சையாக மின்னும், செத்தவை ஆரஞ்சும் சிவப்புமாகத் தெரியும். குழி முழுக்கப் பச்சை என்றால் நிம்மதி. செம்மணல் கொட்டிய மாதிரி இருந்தால், இந்தக் கிட்னியை வைத்தால் உள்ளேயும் இதுதான் நடக்கும் என்று அர்த்தம். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்தச் சிவப்பைப் பார்க்கும்போது, வெளியே காத்திருக்கிறவர்களிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் முதலில் தோன்றும்.

இதன் முக்கியத்துவத்தை உலகுக்குக் காட்டியது படேலும் டெரசாகியும் 1969-ல் வெளியிட்ட ஆய்வு. கிராஸ்மேட்ச் பாசிட்டிவாக இருந்தும் மாற்று நடந்த 30 பேரில் 24 பேருக்குக் கிட்னி உடனடியாகவே வீணாகியது. நெகட்டிவாக இருந்த 195 பேரில் அப்படி ஆனது 8 பேருக்குத்தான். ஏற்கெனவே ரத்தத்தில் இருக்கும் ஆன்டிபாடி புதுக் கிட்னியின் ரத்தக்குழாய்ச் சுவரில் போய் உட்கார்ந்து, சில நிமிடங்களில் அல்லது சில மணி நேரத்தில் ரத்தத்தை உறைய வைத்துவிடுகிறது. இந்தச் சோதனை வழக்கத்துக்கு வந்தபின் அப்படி நடப்பது மிகவும் அரிதாகிவிட்டது. இப்போது இதைவிட நுட்பமான ஃப்ளோ கிராஸ்மேட்ச் இருக்கிறது. ஒவ்வொரு எச்.எல்.ஏ.வையும் பாசிமணி மாதிரியான தனித்தனி நுண்மணிகளில் பூசி வைத்து, எதற்கு எதிராக எவ்வளவு ஆன்டிபாடி இருக்கிறது என்று அளக்கும் முறையும் இருக்கிறது.

கிராஸ்மேட்ச் நெகட்டிவ்னு வந்துடுச்சு. அப்போ ஞாபகமே இல்லைன்னுதானே அர்த்தம்?

இல்லை. இந்த ஒன்றை எல்லோரிடமும் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும் போல் இருக்கும் எனக்கு. நெகட்டிவ் என்றால், இன்று எடுத்த ரத்தத்தில் அந்த எச்.எல்.ஏ.வுக்கு எதிரான ஆன்டிபாடி கண்டுபிடிக்கும் அளவில் இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். ஆன்டிபாடிகளில் முக்கியமான ஐ.ஜி.ஜி. ஏறக்குறைய மூன்று வாரத்தில் பாதியாகக் குறையும். அதைச் சுரக்கும் பிளாஸ்மா செல்கள் இல்லாமல் போனால் சில மாதங்களில் ரத்தம் சுத்தமாகத் தெரியும். ஆனால் நினைவு பி செல்கள் நிணநீர் முடிச்சிலும் மண்ணீரலிலும் தூங்கிக்கொண்டிருக்கலாம். நாங்கள் அளப்பது ஆன்டிபாடியை, தூங்கும் செல்லை அந்தச் சோதனை பார்க்காது. மாற்றுக்குப் பிறகு அது விழித்துக்கொண்டால் மேலே சொன்ன அந்தப் பெண்ணுக்கு நடந்த மாதிரி முதல் வாரத்திலேயே ஆன்டிபாடி கிளம்பும்.

நினைவு பி செல்களையும் டி செல்களையும் நேராகப் பார்க்கும் சோதனைகளும் உண்டு, ஆனால் எல்லா இடத்திலும் வழக்கமாகச் செய்வதில்லை. அதனால் நீங்கள் வாயால் சொல்லும் பழைய கதை இன்னமும் எங்களுக்கு ஒரு பரிசோதனை முடிவுக்குச் சமம். அது தெரிந்தால் மருத்துவர்கள் ஆரம்பத்திலேயே வலுவான மருந்து கொடுப்பார்கள், முதல் வாரங்களில் ஆன்டிபாடியை அடிக்கடி அளப்பார்கள்.

பி.ஆர்.ஏ. 85 சதவீதம்னு போட்டிருக்கு. எனக்குக் கிட்னி கிடைக்கவே கிடைக்காதா?

பொதுவாக நூறு பேர் கிட்னி தர முன்வந்தால் அதில் ஏறக்குறைய 85 பேருக்கு எதிராக உங்களிடம் ஆன்டிபாடி இருக்கிறது என்பதுதான் அந்த எண். மிச்சம் 15 பேர் இருக்கிறார்கள். தேட நாளாகும், ஆனால் வழி அடைபட்டுவிடவில்லை. பல நாடுகளின் காத்திருப்புப் பட்டியலில் இப்படிப்பட்டவர்களுக்குக் கூடுதல் புள்ளி கொடுக்கிறார்கள்.

வீட்டில் ஒருவர் கொடுக்கத் தயாராக இருந்து, அவருக்கு எதிராகத்தான் ஆன்டிபாடி என்றால் ஜோடி மாற்றுத் திட்டத்தைக் கேளுங்கள். உங்கள் வீட்டில் முன்வந்தவர் வேறொரு குடும்பத்து நோயாளிக்குக் கொடுப்பார், அந்தக் குடும்பத்தவர் உங்களுக்குக் கொடுப்பார். 1991-ல் தென் கொரியாவில் தொடங்கிய முறை இது, இன்று பல நாடுகளில் நடக்கிறது. ஞாபகத்தோடு மல்லுக்கட்டாமல் அது அறியாத ஒரு கிட்னியைத் தேடிப் போவதுதான் நல்லது என்பது என் எண்ணம்.

பிளாஸ்மாவை மாத்தி ஆன்டிபாடியை எடுத்துட்டா பிரச்சினை முடிஞ்சுதே?

ஆன்டிபாடியை எடுக்க முடியும். ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை எடுத்துவிட்டு மாற்றுத் திரவம் ஏற்றும் பிளாஸ்மா மாற்றம் அதைச் செய்கிறது, கூடவே இம்யூனோகுளோபுலின் ஊசி கொடுப்பார்கள், பி செல்களைக் குறைக்க ரிட்டுக்சிமாப் கொடுப்பதும் உண்டு. இம்லிஃபிடேஸ் என்ற மருந்து இன்னும் வேகம்: ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவிலிருந்து வந்த நொதி, ரத்தத்தில் இருக்கும் ஐ.ஜி.ஜி.யைச் சில மணி நேரத்திலேயே வெட்டித் துண்டாக்கிவிடும். 2020-ல் ஐரோப்பாவில் நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது.

ஆனால் இவை எதுவும் மஜ்ஜையில் உட்கார்ந்திருக்கும் பிளாஸ்மா செல்லை அசைப்பதில்லை. தண்ணீரை இறைத்தாயிற்று, ஊற்று அப்படியே இருக்கிறது. ஒன்றிரண்டு வாரத்தில் ஆன்டிபாடி திரும்ப ஏறக்கூடும். இந்தச் சிகிச்சையால் பயன் இல்லை என்று சொல்லவில்லை; கிட்னியை வைக்க ஒரு வாய்ப்பை அது திறந்துவிடுகிறது, பலர் அதனால் டயாலிசிஸிலிருந்து விடுபட்டிருக்கிறார்கள். ஆனால் அதற்குப் பிறகு நீண்டகாலம் கண்காணிப்பு வேண்டும் என்று தெரிந்தே இறங்க வேண்டும்.

ஆன்டிபாடி சுத்தமா இல்லைன்னு சொன்னாங்க. கர்ப்பம், ரத்தம் எதுவும் இல்ல. ஆனாலும் ரிஜெக்‌ஷன் வந்துச்சே?

டி செல்லுக்கும் ஞாபகம் உண்டு, அதை எந்த ஆன்டிபாடி சோதனையும் காட்டாது. ஞாபகமே இல்லாத புது டி செல்கள் பெருகித் தாக்குவதும் உண்டு, முதல் முறை நடக்கும் நிராகரிப்புகளில் பல அப்படித்தான்.

இதில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது வேறொன்று. வேறு மனிதரின் செல்லையே பார்க்காதவருக்கும் எச்.எல்.ஏ.வுக்கு எதிரான நினைவு டி செல் இருக்கலாம், ஏதோ ஒரு வைரஸுக்காக உருவானதாக. எப்ஸ்டீன்-பார் என்ற மிகப் பரவலான வைரஸ் இருக்கிறதே, அதை அடையாளம் காண எச்.எல்.ஏ.வில் பி8 என்ற வகை உள்ளவர்களிடம் உருவாகும் சில டி செல்கள், எச்.எல்.ஏ. பி44 வகையில் ஒன்றையும் அதே வைரஸ் என்று நினைத்துத் தாக்குகின்றன. ஒரு முகத்தைப் பார்த்து இன்னொருவர் என்று நினைப்பது மாதிரி. கிருமி இல்லாமல் வளர்க்கும் ஆய்வக எலிகளில் மாற்று உறுப்பை எளிதாக ஏற்கச் செய்ய முடிந்தும், அதே முறைகள் குரங்கிலும் மனிதரிலும் தடுமாறியதற்கு இப்படிச் சேர்ந்த ஞாபகமும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பெலட்டாசெப்ட் என்ற மருந்தும் ஒரு உதாரணம்: டி செல் விழிக்கத் தேவையான இரண்டாவது சமிக்ஞையை அது தடுக்கிறது, ஆனால் நினைவு டி செல்லுக்கு அந்தச் சமிக்ஞை அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை.

அப்போ தடுப்பூசி போட்டா கிட்னிக்கு எதிரா ஞாபகம் கிளம்பிடுமா?

அந்தப் பயத்தில் தடுப்பூசியைத் தவிர்ப்பதுதான் பெரிய ஆபத்து. தொற்றே எதிர்ப்பு சக்தியைத் தட்டியெழுப்பும், கூடவே மருந்தைக் குறைக்க வேண்டிய கட்டாயமும் வரும். முடிந்தவரை மாற்றுக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள், அப்போதுதான் நல்ல பலன் இருக்கும். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளை மாற்றுக்குப் பிறகு பொதுவாகத் தவிர்ப்பார்கள், அதனால் எந்த ஊசி போடப்போனாலும் கிட்னி மாற்று செய்தவர் என்று சொல்லிவிடுங்கள்.

ரெண்டு வருஷம் ஆச்சு, கிரியேட்டினின் அருமையா இருக்கு. மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடலாமா?

வேண்டாம். டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், பிரெட்னிசோலோன் எல்லாம் எதிர்ப்பு சக்தியை அடக்கி வைத்திருக்கின்றன, கிட்னியை மறக்கச் செய்யவில்லை. மருந்தின் அளவு ரத்தத்தில் கீழே போகும் நாட்களில்தான் உடம்பு அந்தக் கிட்னியைப் புதிதாகக் கவனித்து, முன்பு இல்லாத ஆன்டிபாடியை உருவாக்குகிறது. இதை டி நோவோ, அதாவது மாற்றுக்குப் பிறகு புதிதாகத் தோன்றிய ஆன்டிபாடி என்பார்கள், வருடங்கள் கழித்துக் கிட்னி போவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. அது உருவான பிறகு மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாலும் ஞாபகம் பதிந்தது பதிந்ததுதான்.

வயிற்றுப்போக்கு, கை நடுக்கம், செலவு, மறதி என்று காரணம் எதுவாக இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மருந்தை மாற்ற வழி இருக்கிறது. வளரும் வயதுப் பிள்ளைகள் மாத்திரையை விட்டுவிட்டுச் சொல்லாமல் இருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன், திட்டாமல் கேளுங்கள்.

பயாப்ஸியில் ரிஜெக்‌ஷன்னு வந்துடுச்சு. கிட்னி போச்சா?

எந்த வகை என்பதைப் பொறுத்தது. டி செல்களால் வந்ததென்றால் சில நாட்கள் ஸ்டீராய்டை நரம்பு வழியாக ஏற்றுவார்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். ஆன்டிபாடியால் வந்தது கொஞ்சம் கடினம். அதுவும் மெதுவாக வருடக்கணக்கில் நடக்கும் வகையில் கிட்னியின் வடிகட்டிகள் தடித்துக்கொண்டே போகும், சிறுநீரில் புரதம் கசியும், கிரியேட்டினின் ஏறுவதற்குள் நிறையச் சேதம் ஆகியிருக்கும். அதனால் உடம்பு நன்றாக இருக்கும்போதே சிறுநீர்ப் புரதத்தையும் ஆன்டிபாடியையும் பார்க்கச் சொல்கிறார்கள். சீக்கிரம் பிடித்தால் செய்வதற்கு நிறைய இருக்கிறது.

முதல் கிட்னி வேலை செய்யல, டயாலிசிஸுக்குத் திரும்பிட்டேன். இனி எதுக்கு மாத்திரை?

இரண்டாவது மாற்று செய்யும் எண்ணம் இருந்தால் நீங்களாக நிறுத்தவே கூடாது. வேலை செய்யாத கிட்னியும் உள்ளேதான் இருக்கிறது, அதன் எச்.எல்.ஏ.வும் அப்படியே. மருந்து நின்றதும் உடம்பு சுதந்திரமாக அதற்கு எதிராக ஆன்டிபாடியை உருவாக்கும், பி.ஆர்.ஏ. ஏறிவிடும். தொற்று அபாயத்தையும் எடைபோட்டு எதை எவ்வளவு நாள் தொடர்வது என்று மருத்துவர் முடிவு செய்வார்.

இரண்டாவது முறை வேகமாகத் தாக்கும் என்பது புதிய கண்டுபிடிப்பு இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கிளாஸ்கோவில் கிப்சனும் மெடவாரும் தீக்காயம் பட்ட ஒரு பெண்ணுக்கு அவருடைய சகோதரரின் தோலை ஒட்டினார்கள். முதலில் ஒட்டியது கொஞ்ச நாள் நின்று அழிந்தது, இரண்டாம் முறை ஒட்டியது அதைவிடச் சீக்கிரமே அழிந்தது. 1943-ல் அவர்கள் எழுதிய அந்தக் கட்டுரையிலிருந்துதான் நிராகரிப்பு என்பது எதிர்ப்பு சக்தியின் வேலை என்ற தெளிவு வந்தது. அதனால்தான் முதல் கிட்னியில் இருந்த பொருந்தாத எச்.எல்.ஏ. இரண்டாவதில் மறுபடி வராமல் பார்த்துக்கொள்ள முயற்சி செய்கிறோம்.

இந்த ஞாபகத்தை மட்டும் அழிக்க ஒரு மருந்து இல்லையா?

கிட்னிக்கு எதிரான ஞாபகத்தை மட்டும் தேடி அழிப்பது இன்னும் கைகூடவில்லை. பிளாஸ்மா செல்களைத் தாக்கும் மருந்துகளை மஜ்ஜைப் புற்றுநோய்ச் சிகிச்சையிலிருந்து எடுத்து முயன்று பார்க்கிறார்கள். ஆனால் அவை நல்ல ஞாபகத்தையும் சேர்த்துக் குறைத்துவிடலாம், தடுப்பூசிகளால் கிடைத்த பாதுகாப்பும் அதில்தான் இருக்கிறது.

ஞாபகம் சில நேரம் நமக்குச் சாதகமாகவும் நிற்கும். வயிற்றில் இருக்கும்போது குழந்தை தாயின் எச்.எல்.ஏ. முழுவதையும் அறிகிறது, தான் பெறாத பாதியையும் சேர்த்து. அந்தப் பெறாத பாதியைச் சுமக்கும் அண்ணனோ தங்கையோ பிற்காலத்தில் கிட்னி கொடுத்தால், தான் பெறாத தகப்பன் வழிப் பாதியைச் சுமக்கும் உடன்பிறப்பின் கிட்னியைவிட நீண்டநாள் நன்றாக நிற்பதாக 1998-ல் வந்த ஆய்வு சொன்னது. எதிர்க்கக் கற்ற உடம்பு பொறுத்துக்கொள்ளவும் கற்கிறது என்பதில் எனக்கு நிறைய நம்பிக்கை.

பழைய ரிப்போர்ட் எல்லாம் தொலைஞ்சு போச்சு, எப்போ ரத்தம் ஏத்தினாங்கன்னும் ஞாபகம் இல்ல. என்ன செய்றது?

தெரிந்த அளவு சொல்லுங்கள். "பெரியவன் பிறந்த வருஷம்", "காய்ச்சலில் படுத்தபோது" என்று சொன்னால்கூடப் போதும். அப்போது கூட இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், ரத்தம் ஏற்றியதைப் படுத்திருந்தவரைவிடப் பக்கத்தில் நின்றவர் நன்றாக நினைவில் வைத்திருப்பார்.

அப்புறம், முன்பு வேறெங்காவது மாற்றுக்காகப் பதிவு செய்திருந்தால் அந்த இடத்தின் பெயரைச் சொல்லுங்கள். எங்களைப் போன்ற ஆய்வகங்கள் பழைய சீரத்தைச் சின்னக் குழாய்களில் ஆழ்குளிரில் வருடக்கணக்காக வைத்திருக்கும். இன்றைய ரத்தத்தில் இல்லாத ஆன்டிபாடி ஐந்து வருடத்துக்கு முந்தைய அந்தச் சொட்டில் இருக்கலாம், கேட்டால் எடுத்துச் சோதித்துப் பார்க்க முடியும்.